எதிர்வீட்டுக் கிரிஸ்டல் பெரியப்பா

புனேயில் வானவடிப் பகுதிக்குக் குடிபோன முதல் வாரத்தில், ஜன்னல் திரை மாட்டுவதற்காக எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தவர் ஒல்லியாக, நெற்றியில் ஒரு கண்ணாடியும் மூக்கில் ஒரு கண்ணாடியுமாக நின்றார். கதவில் தமிழ்ப் பெயர் இருந்ததால் துணிந்து தமிழிலேயே கேட்டேன்.

"அங்கிள், கொஞ்சம் ஸ்க்ரூடிரைவர் கிடைக்குங்களா?"

"கொஞ்சம் ஸ்க்ரூடிரைவர்னா? பாதி போதுமா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே கேட்டிருக்கிறார் என்பது எனக்குப் பிடிபட இன்னும் சில மாதங்கள் ஆயின.

"அப்புறம், அங்கிள்னா யாரு? சித்தப்பாவா, பெரியப்பாவா, மாமாவா? சரியாச் சொல்லு. உங்க அப்பாவுக்கு என்ன வயசு?"

சொன்னேன். மனதுக்குள் கழித்துப் பார்த்தார்.

"அப்ப நான் மூத்தவன். பெரியப்பா."

உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "வந்த பிள்ளைக்கு ஸ்க்ரூடிரைவரைக் குடுத்து அனுப்புங்க. சொந்தத்தைச் சாயங்காலம் பாத்துக்கிடலாம்."

அப்படித்தான் கோயம்புத்தூர்க்காரியான எனக்குப் புனேயில் ஒரு திருநெல்வேலிப் பெரியப்பாவும் பெரியம்மாவும் கிடைத்தார்கள்.

பெரியப்பாவால் ஒரு பிசகான சொல்லைக் காதால் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. அதுதான் அவருடைய வியாதி. லிப்டில் யாராவது "இன்னைக்கு என்னா வெயில், ஐம்பது டிகிரி இருக்கும்" என்றால் செல்பேசியை எடுத்துப் பார்த்து உண்மையான வெயிலைச் சொல்லுவார். குடியிருப்புச் சொசைட்டிக் கூட்டத்தில் செயலாளர் "எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க" என்றால், "எல்லாரும் வரவே இல்லையே" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல் எழும். நான் ஒரு பொங்கலுக்கு, "உங்க வீட்டுச் சக்கரைப் பொங்கல் மாதிரி உலகத்துலயே இல்லைங்க பெரியம்மா" என்றேன். "நீ எத்தனை வீட்டுல சாப்பிட்டுப் பாத்தே?" என்று கேட்டார். பெரியம்மா என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்துவிட்டு, "அவர் கெடக்காரு, நீ சொல்லு" என்றாள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு வியாபாரம் ஒத்துவருமா? இளம் வயதில் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்து, புனேயில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் டெக்னீஷியனாக இருந்திருக்கிறார். பழைய செட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம், "இதுக்குச் செலவழிக்கிறது வேஸ்ட். புதுசு வாங்கிருங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவாராம். கடைக்காரர் கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரையே அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு பிம்ப்ரியில் ஒரு தகரக் கொட்டகைக்குள் நடந்த கிரிஸ்டல் பட்டறையில் சேர்ந்தார். அந்தக் காலத்து வயர்லெஸ் பெட்டிகளில் ஒவ்வொரு அலைவரிசைக்கும் தனியாக ஒரு கிரிஸ்டல் வேண்டும். படிகக் கல்லை மெல்லிய வில்லையாக அறுத்து, தேய்த்து, இரண்டு பக்கமும் வெள்ளி பூசி, இரண்டு கால் வைத்த ஒரு குட்டி உலோகக் கூட்டுக்குள் அடைப்பார்கள். மின்சாரம் பாய்ந்தால் அது ஒரே சீரான வேகத்தில் அதிரும். தேய்ப்பு ஒரு இழை கூடினாலும் அதிர்வு தள்ளிப்போய்விடும். ஆம்புலன்ஸ் டிரைவர் பேசுவது ஆஸ்பத்திரிக்குக் கேட்காது. செய்து முடித்த சரக்கைச் சோதித்துப் பாஸா, ரிஜெக்டா என்று சொல்லுவதுதான் இவர் வேலை. பிறவிக் குணத்துக்குச் சம்பளம் கிடைப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்? பெரியப்பா அங்கே வாழ்ந்திருக்கிறார். பட்டறை முதலாளி, "இவனை இன்னும் கொஞ்சம் விட்டால் வாடிக்கையாளருக்குக் காலி டப்பாவைத்தான் அனுப்ப வேண்டும்" என்று இந்தியில் புலம்புவாராம். அதையும் இவரே சொல்லிவிட்டு, "அப்படிச் சொன்னது ரெண்டு தடவைதான்" என்று திருத்தினார்.

பெரியம்மா ராணுவக் கணக்கு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இந்த மனிதரை எப்படிக் கட்டிக்கொண்டாள் என்று ஒருநாள் கேட்டேன். பெண் பார்க்க வந்த இடத்தில், "பொண்ணைப் பிடிச்சிருக்கா?" என்று அவள் அப்பா கேட்டிருக்கிறார்.

"இப்பத்தானே பாத்தேன், இன்னும் தெரியலைன்னு சொல்லிட்டாரு. எங்கப்பாவுக்கு மூக்குக்கு மேல கோபம். வெளிய போங்கன்னு சொல்லாத குறை."

"அப்புறம் எப்படிங்க?"

"எனக்குத்தான் பிடிச்சுப்போச்சு. அதுக்கு முன்னால வந்த ரெண்டு பேரும் காப்பியைக் குடிக்கதுக்குள்ள பிடிச்சிருக்குன்னுட்டானுவ. எதை வச்சுச் சொன்னானுவ?"

பெரியப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சொன்னார். "மூணு பேரு."

"ஆமா, மூணு பேரு. உங்களுக்கு முன்னால வந்தவங்க கணக்கு உங்களுக்கு எதுக்கு?"

நான் பார்த்த காலத்தில் பட்டறை மூடி வெகுநாள் ஆகியிருந்தது. பால்கனியில் மட்டும் பிஸ்கட் டின்கள் அடுக்கியிருந்தன. உள்ளே விற்காமல் நின்றுபோன கிரிஸ்டல்கள். ஒவ்வொன்றின் தலையிலும் அதனதன் எண் பொறித்திருக்கும். பக்கத்தில் ஒரு சாக்கில் அறுக்காத படிகக் கற்கள். துணி காயப்போடப் போகும்போதெல்லாம் பெரியம்மாவின் கால் விரல் அந்த டின்களில் இடிக்கும்.

"பழைய சாமான் எடுக்குற பங்கார்காரன் கீழ கத்திட்டுப் போறான். போட்டுத் தொலைங்களேன்."

"அதெல்லாம் பாஸான சரக்கு."

"வாங்கத்தான் ஆளில்லையே?"

"ஆளில்லைங்கிறது சரி. ஆனா பாஸானது."

ஒரே ஒரு தடவை ஆள் வந்தது. கோலாப்பூர்ப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையிலிருந்து, பழைய வயர்லெஸ் செட்டுக்குக் கிரிஸ்டல் வேண்டும் என்று யாரோ தொலைபேசி எண் கண்டுபிடித்துக் கூப்பிட்டார்கள். பெரியப்பா எல்லா டின்களையும் கூடத்தில் கொட்டித் தேடி, அவர்கள் கேட்ட அலைவரிசை எண்ணுள்ள கிரிஸ்டலைக் கண்டே பிடித்துவிட்டார். எங்களுக்கெல்லாம் ஒரே உற்சாகம். தொலைபேசியில் அவர் இந்தியில் சொன்னது இது: "இருக்கிறது. நல்ல நிலையில் இருக்கிறது. ஆனால் அந்தச் செட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு இப்போது வருகிற சின்ன செட் வாங்குங்கள். இதைவிட நன்றாக இருக்கும்." ஆலைக்காரர்கள் புதுசு வாங்கிக்கொண்டார்கள். நன்றி சொல்லக் கூப்பிட்டதாகக் கேள்வி.

என் அலுவலகத்தில் ஒரு பையன் இருந்தான். புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். மறைந்துபோகும் தொழில்களைப் பற்றி வீடியோ எடுத்துப் போடுகிறவன். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் இவரைப் பற்றிச் சொல்லிவிட்டேன். கேமராவும் விளக்குமாக வந்து இறங்கினான்.

"தாத்தா, நீங்கதான் புனேயோட லாஸ்ட் கிரிஸ்டல் மேக்கர், ரைட்?"

"கடைசி இல்ல. பிம்ப்ரில இன்னும் ஒருத்தன் இருக்கான். மேக்கரும் இல்ல. நான் செய்யல, டெஸ்ட்டுதான் செஞ்சேன்."

"ஓகே, ஓகே. இந்தத் தொழில் செத்துப் போச்சு இல்லயா... அது உங்களுக்கு எப்டி ஃபீல் ஆகுது?"

"செத்தது சரிதான்."

பையன் கேமராவை நிறுத்தினான். "தாத்தா, கொஞ்சம் சோகமா சொல்ல முடியுமா? பார்க்குறவங்களுக்கு அதான் பிடிக்கும்."

"எதுக்குச் சோகம்? பத்து பேரு ஒரு நாள் பூரா செஞ்சதை இப்ப ஒரு சிப்பு செய்யுது. ஒரே கிரிஸ்டல் போதும், எல்லா அலைவரிசையும் அதுல இருந்தே எடுத்துருது. தப்பு வர்றதில்ல. அந்தப் பட்டறை ஆசிட் வாடையில எனக்குத் தெனமும் தலைவலி. அது போனதுக்கு நான் ஏன் அழணும்?"

"பட், உங்க வேலை போச்சே?"

"போச்சு. அது வேற கேள்வி." கொஞ்ச நேரம் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். "மறு வேலை கெடைக்கவே இல்ல. காலையில இவ டிபன் கட்டிக்கிட்டு ஆபீஸ் போவா. நான் பால்கனியில நின்னு பாப்பேன். அது நல்லா இல்ல."

அதைச் சொன்னபோது கேமரா அணைந்திருந்தது. பையன் மறுபடி எடுக்கலாமா என்று கேட்டான். "ஒரு தடவை சொன்னா போதும்லா" என்று எழுந்து போய்விட்டார். அந்த வீடியோ வெளிவரவில்லை.

வாங்க ஆளில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த பெரியம்மா, திடீரென்று கிரிஸ்டல் வியாபாரம் இன்னும் சாகவில்லை என்றாள். எங்கள் குடியிருப்பில் பாதிப் பெண்கள் கையில் கல் வளையம் போட்டிருந்தார்கள். தூக்கத்துக்கு ஒரு கல், பதவி உயர்வுக்கு ஒரு கல், மாமியாருக்கு ஒரு கல். மூன்றாவது மாடி சுனிதா தன் படுக்கையறையில் நாலு மூலையிலும் கல் வைத்திருந்தாள். "அவளுவ கூரியர்ல வரவழைக்கிறாளுவ. நம்ம பால்கனியில மூட்டையா கெடக்கு" என்றாள் பெரியம்மா. தீபாவளிக்கு முன்னால் சொசைட்டியில் போடும் சந்தையில் ஒரு மேசை பிடித்தாள். சாக்குக் கற்களை ஷாம்பு போட்டுக் கழுவி, நீல வெல்வெட் துணியில் பரப்பினாள். மன அமைதி, செல்வம், நல்ல உறக்கம் என்று என்னை இங்கிலீஷில் எழுதி ஒட்டச் சொன்னாள்.

"எதுக்கு எதை ஒட்டறதுங்க பெரியம்மா?"

"பெருசுக்குச் செல்வம் ஒட்டு."

பெரியப்பாவை வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருந்தாள். ஆனால் சாக்கைத் தூக்கிவர அவர் வேண்டியிருந்தது. வந்தவர் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். "வாயைத் திறக்கக் கூடாது" என்று ஒப்பந்தம்.

முதல் ஆளாகச் சுனிதா வந்தாள். அழகான ஒரு கல்லை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, நேராக அவரிடமே இந்தியில் கேட்டாள். பெரியப்பாவைக் காகா என்றும் பெரியம்மாவைக் காகு என்றும்தான் கூப்பிடுவாள். "காகா, இதை வைத்தால் தூக்கம் வருமா?"

பெரியம்மா அவர் காலை மிதித்தது எனக்குத் தெரிந்தது.

"வராது" என்றார். "இது சும்மா அதிரும். அதுவும் அறுத்து, தேய்த்து, மின்சாரம் கொடுத்தால்தான். இப்படியே வைத்தால் கல்."

சுனிதாவின் முகம் சுருங்கிவிட்டது. கல்லை வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கும் அதே கதைதான். ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் மட்டும் மீன்தொட்டிக்குள் போடுவதற்கு இரண்டு கல் வாங்கினார். "சரியான உபயோகம்" என்று பெரியப்பா எழுந்து நின்று அவருக்குக் கைகொடுத்தார்.

இரண்டு நாள் பெரியம்மா அவரோடு பேசவில்லை. "நான் என்ன செய்ய? அந்தப் பிள்ளை கேட்டுட்டுல்லா?" என்று என்னிடம் வந்து முறையிட்டார்.

அடுத்த மழைக்காலத்தில் பெரியம்மாவுக்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஊசியால் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஓசூரில் குடியிருக்கும் அவர்கள் மகள் தினம் கூப்பிட்டு, "ஒண்ணுமிருக்காதும்மா" என்றாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். பெரியம்மா எல்லாருக்கும் "சரி, சரி" என்றாள். பெரியப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. முடிவுதான் அவருக்கு இன்னும் தெரியாதே.

முடிவு வரும் நாளன்று அவர் தனியாகப் போனார். பெரியம்மாவுக்குத் துணையாக நான் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு இருந்தேன். கவார் நறுக்கிக்கொண்டிருந்தாள், எங்கள் ஊரில் கொத்தவரங்காய் என்போம். சாவி திரும்பும் சத்தம் கேட்டது. பெரியப்பா உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றினார். கால் கழுவினார். அவளுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கேட்கவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மற்றவர்களிடம் கேட்கலாம், அவர்கள் எதையாவது சொல்லுவார்கள். இவரிடம் கேட்டால் பதில் வந்துவிடும்.

காய் முழுவதையும் நறுக்கி முடித்தாள். உள்ளே போய்த் தாளித்தாள். மகளின் அழைப்பு மேசையில் அடித்து ஓய்ந்தது. பெரியப்பா கைகளை மடியில் வைத்தபடி அதே இடத்தில் இருந்தார். பொரியலை இறக்கி மூடிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"சரி. சொல்லுங்க."

"அதேதான். கெட்டதுதான்" என்றார். குரல் மட்டும் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. "சின்னதா இருக்கு. வேற எங்கயும் பரவுன மாதிரித் தெரியலையாம். வெட்டி எடுத்துட்டா பெரும்பாலும் சரியாயிரும்னு டாக்டர் சொல்லுதாரு."

"கண்டிப்பான்னு சொன்னாரா, பெரும்பாலும்னு சொன்னாரா?"

"பெரும்பாலும்."

"நீங்க என்ன நெனைக்கீங்க?"

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றினார். நெற்றியில் இருந்ததையும் கழற்றினார்.

"எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றாள் பெரியம்மா. பிறகு, "சோறு ஆறுது. ரெண்டு பேரும் வாங்க" என்றாள். மூன்று பேரும் சாப்பிட்டோம்.

ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் நான் தலை பின்னிவிட்டபோது பெரியம்மா சொன்னாள். "எல்லாரும் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு சொல்லச் சொல்ல எனக்குத் தூக்கமே போச்சு. இவர் பெரும்பாலும்னு சொன்னாருல்லா, அன்னைக்கு ராத்திரிதான் தூங்குனேன். இவர் வாயில இருந்து பெரும்பாலும் வர்றது லேசா?"

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் சுனிதா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். சந்தையில் நடந்ததை அவள் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. கைப்பையிலிருந்து ஊதா நிறக் கல் ஒன்றை எடுத்து, "உங்களுக்காக வாங்கி வந்தேன், காகு" என்று தலைமாட்டில் வைத்தாள். நான் பயந்துபோய்ப் பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் கல்லை எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். திரும்ப வைத்தார். பேசவில்லை. பெரியம்மா சுனிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மழை, மார்க்கெட், அவள் மாமியார் என்று எதையெதையோ விசாரித்தாள். கல்லைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

சுனிதா லிப்டில் இறங்கிய பிறகுதான் கேட்டாள். "கண்ணாடிதானே?"

"ஆமா. உள்ள குமிழி இருக்கு."

"அவ நிக்கும்போது எங்க சொல்லிருவீங்களோன்னு எனக்குத் தையல் எல்லாம் இழுத்துப்போச்சு."

"உங்களுக்காக வாங்கிட்டு வந்தேன்னுதான் சொன்னா" என்றார். "அதுல தப்பு ஒண்ணும் இல்லையே."

தேறி வந்ததும், இனி தனியாக இருக்க விட மாட்டேன் என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். புனே வீட்டைக் காலி செய்தார்கள். டின்களை என்ன செய்வார் என்று எனக்குக் கவலை. அவரே பங்கார்காரனைக் கைதட்டி மேலே கூப்பிட்டார்.

"பாஸான சரக்குன்னீங்களே?" என்றாள் பெரியம்மா.

"ஓசூர்ல ஒரே ஒரு பால்கனிதான். அதுல நீ உக்காரணும்லா."

வண்டி ஏறுகிற காலையில் எனக்கு அழுகை வந்துவிட்டது. "நீங்க இல்லாம எனக்கு உங்களை ரொம்பத் தேடுமுங்க" என்றேன். பெரியம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். பெரியப்பா பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவரையும் விட மனமில்லாமல் கேட்டேன். "பெரியப்பா, உங்களுக்கு என்னைத் தேடுமுங்களா?"

யோசித்தார். டிரைவர் ஹாரன் அடித்தான். அப்போதும் யோசித்தார்.

"ஒரு மாசம் தேடும்னு நெனைக்கேன். அதுக்குப் பெறகு பழகிரும்."

"அட, போற நேரத்துல..." என்று பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வண்டி கிளம்பிவிட்டது.

பிறகு பெரியம்மாதான் அடிக்கடி பேசுவாள். அவர் தொலைபேசிப் பக்கம் வருகிறவர் இல்லை. அவர்கள் போய்ச் சில மாதங்கள் ஆகி, பொங்கல் கழிந்து ஒரு மாலை, பிம்ப்ரி மெட்ரோவில் நின்றுகொண்டிருந்தபோது அவர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பெரியம்மாவுக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று பதறி எடுத்தேன்.

"என்னாச்சுங்க பெரியப்பா?"

"ஒண்ணும் ஆகல. அவ நல்லா இருக்கா. கீழ கீரை வாங்கப் போயிருக்கா." தொண்டையைச் செருமினார். "அன்னைக்கு வண்டி ஏறும்போது உன்கிட்ட ஒண்ணு சொன்னேம்லா, ஒரு மாசம்னு?"

"ஆமாங்க."

"அது தப்பு" என்றார். "திருத்திக்கோ."

வைத்துவிட்டார்.